மருந்தடிக்கும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் டேங்க் சுமந்து பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிப்பவர்களுக்காகவும், கூலிக்கு ஆள் வைத்து அடிக்கச் சொல்கிறவர்களுக்காகவும், இந்த இரு தரப்பின் வீட்டாருக்காகவும் எழுதியது. ஊரில் எல்லோரும் 'மருந்து' என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறோம். பயிருக்குத்தான் அது மருந்து.

மருந்து மூச்சு வழியாகத்தானே உடம்புக்குள் போகிறது?

பெரும்பாலும் இல்லை. திறந்த வயலில் கைத்தெளிப்பானால் அடிப்பவருக்கு மருந்து முக்கியமாகத் தோல் வழியாகவே இறங்குகிறது. நாசிலிலிருந்து வரும் துளிகளில் பெரும்பாலானவை நுரையீரலின் அடிவரை போக முடியாத அளவுக்குப் பெரியவை. அவை சட்டையிலும் கையிலும் தொடையிலும் விழுந்து ஊறுகின்றன. தூளாகத் தூவும் மருந்து, புகைபோடும் மருந்து, பசுமைக்குடில் போல அடைத்த இடம், விசைத்தெளிப்பான் கிளப்பும் மெல்லிய பனி, இவற்றில்தான் மூக்கும் பெரிய வழியாகிறது.

தோல் என்றாலும் எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மனிதர்களின் தோலில் தடவி அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 1971-இல் வெளியானது. முன்கையில் தடவியதில் 100-க்கு 9 பங்குக்கும் குறைவாகத்தான் உள்ளே போனது. உள்ளங்கையில் 12, உச்சந்தலையிலும் நெற்றியிலும் 30-க்கு மேல், அக்குளில் 64. விதைப்பையில் தடவியது ஏறக்குறைய முழுவதுமே உள்ளே போய்விட்டது.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது மாறிவிடும். கையில் தெறித்த நாலு சொட்டைவிட, மூடி ஒழுகி முதுகு வழியாக இறங்கி இடுப்புத்துணியை நனைப்பது பல மடங்கு மோசம். மருந்துக் கையோடு நெற்றி வியர்வையைத் துடைப்பதும், கை கழுவாமல் சிறுநீர் கழிக்கப் போவதும் அதே வகைதான். பிந்தையதை யாரும் வெளியே பேசுவதில்லை. நாள் முழுவதும் நடக்கிற தவறு அது. கழுவ வேண்டியது போவதற்கு முன்னால்.

அடிக்கும்போதுதானே ஆபத்து அதிகம்?

கலக்கும்போதுதான் அதிகம். லிட்டருக்கு 2 மில்லி போடுகிற மருந்து என்றால் டேங்கில் இருப்பது 500 மடங்கு நீர்த்தது. டப்பாவிலிருந்து கையில் விழும் ஒரு சொட்டு, அடிக்கும்போது மேலே விழும் 500 சொட்டுக்குச் சமம். மருந்தடிக்கும்போது முகத்தை இறுக்கிக் கட்டிக்கொள்கிறவர்கூட, கலக்கும்போது வெறும் கையை வாளிக்குள் விட்டுத்தான் கலக்குகிறார். ஒரு ஏக்கருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று டேங்க் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று தடவை. கையுறை ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால், அது கலக்குகிற ஆளுக்குத்தான். பல வீடுகளில் அந்த ஆள் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கலக்கித்தரும் பெண்.

சரியாகக் கலப்பது எப்படி?

கிணற்றுமேட்டிலும் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம். வரப்போரத்தில் சமதரையில், காற்று முதுகில் படும்படி நின்றுகொள்ளுங்கள். டப்பாவையும் அளவுக்குவளையையும் இடுப்புக்குக் கீழே வைத்து ஊற்றுங்கள். மார்பு உயரத்தில் ஊற்றினால் தெறிப்பது முகத்துக்கு வரும். அளவுக்குவளை மருந்துக்கு மட்டும் இருக்கட்டும், வேலை முடிந்து வீட்டுக்குள் போகக் கூடாது.

வாளியில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு அளந்த மருந்து, முழங்கை நீளத்துக்குக் குறையாத குச்சியால் கலக்கல். நனையும் தூள் வகை என்றால் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்துவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டி நாசிலை அடைக்கும். தூள் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்க வேண்டாம், கத்தரியால் வெட்டுங்கள். டேங்கில் பாதிக்குத் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வடிகட்டி வழியாகக் கலவையைச் சேர்த்து, பிறகு மீதித் தண்ணீர். விளிம்பு தளும்ப நிரப்பக் கூடாது. தூக்கிச் சாய்க்கும்போதும் வரப்பேறிக் குனியும்போதும் வெளியே வருவது அந்தக் கடைசி அரை லிட்டர்தான், அது விழுகிற இடம் உங்கள் கழுத்து.

கலக்கும் இடத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் தனியாக இருக்க வேண்டும். வாய்க்கால் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கண்ணில் தெறித்தால் முதல் சில நொடிகள்தான் கணக்கு.

'டேங்குக்கு ஒரு மூடி' என்கிறார்கள். அது எவ்வளவு?

அதுதான் தெரியாது. ஒவ்வொரு டப்பாவின் மூடியும் ஒவ்வொரு அளவு. கணக்கை லேபிளிலிருந்து போடுங்கள். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க். லேபிளில் ஏக்கருக்கு 400 மில்லி என்றிருந்தால் லிட்டருக்கு 2 மில்லி, டேங்குக்கு 32 மில்லி. லேபிள் ஹெக்டேர் கணக்கில் இருந்தால் இரண்டரையால் வகுத்தால் ஏக்கர்.

விசைத்தெளிப்பானில் தண்ணீர் வெகுவாகக் குறையும், ஏக்கருக்கான மருந்து அதேதான். அதனால் அதன் டேங்கில் இருப்பது அடர்த்தியான கலவை. ட்ரோனில் ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீர்தான், இன்னும் அடர்த்தி. ட்ரோன் அடிக்கும்போது ஆள் தள்ளி நிற்கிறார் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கலந்து ஊற்றுகிறவர் தள்ளி நிற்பதில்லை.

நாலு மருந்தை ஒன்றாகக் கலந்து அடித்தால் ஒரே கூலியில் முடிகிறதே?

முடியும், ஆனால் என்ன கலக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கடையில் கொடுக்கும் மூன்று டப்பாவுக்கு மூன்று பெயர் இருக்கும், உள்ளே இருப்பது ஒரே குடும்பமாக இருக்கலாம். குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ், அசிபேட் மூன்றும் ஆர்கனோபாஸ்பரஸ்தான், நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்கும். இரண்டைச் சேர்த்தால் பூச்சிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் இரட்டை அளவு. வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். ஒரு மருந்தில் விஷமேறினால் மருத்துவருக்கு வழி தெளிவு, நாலில் ஏறினால் அவரும் தடுமாறுவார்.

டப்பாவில் உள்ள முக்கோண நிறங்களுக்கு என்ன பொருள்?

சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். எலிக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்து, பாதி எலிகள் சாகிற அளவை உடல் எடையின் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டுப் பிரித்தது அது. சிவப்பு 50 வரை, மஞ்சள் 51 முதல் 500, நீலம் 501 முதல் 5000, பச்சை அதற்கு மேல். சிவப்பில் மண்டையோடும் இருக்கும்.

பச்சை என்றால் விஷமில்லை என்று பொருளல்ல. அந்த நிறம் ஒரே தடவையில் வாய்வழியாகப் போனால் என்ன ஆகும் என்பதை முக்கியமாக வைத்துப் போட்டது. பத்து வருடம் தொடர்ந்து தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் மூன்றையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்று வகைப்படுத்தியது. இவற்றில் எதுவும் சிவப்பு முக்கோணத்தில் வருவதில்லை.

முழுக் கவசம் போட்டால் வெயிலில் மயக்கம் வருகிறது. எதை விடலாம், எதை விடக் கூடாது?

நியாயமான கேள்வி. குளிர்நாட்டுக்குத் தைத்த முழு அங்கியைச் சித்திரை வெயிலில் போட்டு 20 கிலோவுக்கு மேல் சுமப்பது இன்னொரு ஆபத்து. வியர்த்துச் சூடேறிய தோல் மருந்தையும் வேகமாக உறிஞ்சும். அதனால் எது அதிகம் காக்கிறதோ அதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கையுறை. நைட்ரில் வகை, முன்கை பாதிவரை வர வேண்டும். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கையில் ஒத்தடம் கொடுக்கும், அவற்றுக்கு வெறும் கை மேல். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய ரப்பர் கையுறை எண்ணெய் மருந்துக்குத் தாங்காது. கழற்றும் முன் கையுறையோடு கையைச் சோப்பால் கழுவுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை போடும்போது உள்பக்கமே விஷம். நெல், கடலை போலத் தாழ்ந்த பயிருக்கு அடித்தால் சட்டைக்கை கையுறைக்கு மேலே இருக்கட்டும். மா, தென்னை என்று மேல்நோக்கி அடித்தால் கையுறை சட்டைக்கைக்கு மேலே. ஒழுகுவது எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு.

இரண்டாவது முதுகு. டேங்குக்கும் சட்டைக்கும் நடுவில் கழுத்திலிருந்து தொடைவரை ஒரு பாலிதீன் ஷீட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். காசு அதிகமில்லை, காற்றும் முன்பக்கம் புகும். உர மூட்டையின் உள்ளுறைகூடப் போதும், மருந்து வந்த பை மட்டும் வேண்டாம்.

மூன்றாவது முழுக்கை பருத்திச் சட்டையும் முழுக்கால் சட்டையும். கைலியை மடித்துக் கட்டி அடிப்பது தொடையையும் இடுக்கையும் திறந்து காட்டுவது, முன்னே சொன்ன 100-க்கு 100 கணக்கு அங்கேதான். நான்காவது கண்ணாடி, தலைக்குத் தொப்பி. ரப்பர் பூட்ஸ் போட்டால் கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் வழிவதெல்லாம் பூட்ஸுக்குள் தேங்கும். சேற்று நெல்வயலில் பூட்ஸ் நடக்கவிடாது, அங்கே முழுக்கால் சட்டையும் முடிந்த கையோடு கால் கழுவுவதும்தான்.

முகத்தில் துண்டு கட்டினால் போதாதா?

காய்ந்த துண்டு பெரிய துளிகளைக் கொஞ்சம் நிறுத்தும். அரை மணியில் நனைந்துவிட்டால் மருந்தில் தோய்ந்த துணியை மூக்கில் கட்டி மூச்சிழுக்கிறீர்கள். துண்டுதான் என்றால் மூன்று நான்கு துண்டு எடுத்துப் போய் நனைந்ததும் மாற்றுங்கள். என்-95 துளியையும் தூளையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரித்தூள் பொதி உள்ள முகமூடி வேண்டும். போட்டிருக்கும்போதே வாடை உள்ளே வந்தால் பொதி தீர்ந்துவிட்டது.

டேங்க் ஒழுகுகிறது, நாசில் அடைக்கிறது. என்ன செய்வது?

காலையில் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். ஒழுகும் இடங்கள் பெரும்பாலும் மூடி வாசர், குழாய் டேங்கில் சேரும் இடம், கைப்பிடி வால்வு. மூன்றுக்கும் மாற்று வாசர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், துணியைச் சுற்றி ஓட்டினால் அந்தத் துணிதான் உங்கள் முதுகை நனைக்கும்.

நாசிலை வாயால் ஊதாதீர்கள். இந்த ஒரு வழக்கத்தை விட்டாலே பாதி ஆபத்து ஒழியும் என்று தோன்றும் அளவுக்கு எங்கும் நடக்கிறது. ஊதும்போது உதட்டில் படுவது போக, உறிஞ்சிப் பார்க்கிறவர்களும் உண்டு. அடைப்பு வந்தால் அழுத்தத்தை இறக்கிவிட்டு, கையுறையோடு கழற்றித் தண்ணீரில் அலசி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி, ஊசி போட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அதற்குப் பிறகு ஏக்கருக்கு ஆகும் மருந்தே கூடிவிடும். சட்டைப்பையில் சுத்தமான நாசில் ஒன்று இருந்தால் மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பூச்சிமருந்துக்குக் கூம்பாகத் தெளிக்கும் நாசில், களைக்கொல்லிக்கு விசிறியாகத் தெளிக்கும் நாசில். இரண்டையும் மாற்றிப் போட்டால் பயிர் கருகும்.

எந்த நேரம், எந்தத் திசை?

காலை ஒன்பது மணிக்குள், அல்லது நாலு மணிக்கு மேல். இலை மெல்ல அசைந்து, காற்று முகத்தில் தெரிகிற அளவு இருக்கலாம். கிளை ஆடும் காற்றில் வேண்டாம். இலையே அசையாத விடியலும் சரியில்லை, மெல்லிய துளிகள் கீழே இறங்காமல் அந்தரத்தில் தொங்கி நீங்கள் திரும்பி வரும்போது மேலே அப்பும்.

காற்று போகும் பக்கத்துக் கடைசி வரப்பில் தொடங்கி, காற்றுக்குக் குறுக்காகச் சால் சாலாக நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று வரும் பக்கம் நகருங்கள். அப்போது அடித்த பயிர் எப்போதும் உங்களைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும். நாசில் மாட்டிய ராடை முகத்துக்கு நேரே முன்னால் நீட்டி வீசிக்கொண்டே நடந்தால், இப்போது அடித்த ஈர இலையில் உங்கள் தொடை உரசிக்கொண்டு போகிறது. காற்று போகும் பக்கமாகப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

பயிர் ஆள் உயரத்தைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பருவத்தில் பருத்தி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது, மார்புக்கும் முகத்துக்கும் நேரே தெளிக்க வேண்டியிருந்தது. அதோடு கலவை மருந்துகளும் விசைத்தெளிப்பானும் சேர்ந்துகொண்டன. உயரமான பருத்தி, மக்காச்சோளம், கரும்பு இவற்றுக்குள் புகுந்து அடிக்காமல், பயிர் வைக்கும்போதே ஆள் நடக்க இடைவெளி விட்டு வைப்பதுதான் வழி.

ஒரு நாளைக்கு எத்தனை டேங்க் அடிக்கலாம்?

நிரம்பிய டேங்க் எடை மட்டுமே 20 கிலோவுக்கு மேல். ஆனால் உண்மையான சிக்கல் கூலி முறையில் இருக்கிறது. டேங்க் கணக்கில் கூலி என்றால் ஆள் வேகமாக ஓடுவார், இடைவேளை எடுக்க மாட்டார், ஒழுகினாலும் நிறுத்த மாட்டார், மதிய வெயிலிலும் முடித்துவிடப் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை மூன்று மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று நாள்கூலி பேசி, கையுறையும் சோப்பும் தண்ணீரும் நிலக்காரர் தருவதுதான் முறை. அடிக்கிற பருவத்தில் ஒரே ஆள் நாள்தோறும் ஊர் ஊராகப் போகாமல் மாற்றி மாற்றிப் போவது நல்லது. ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறோம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர், கர்ப்பிணி, பால் கொடுப்பவர், கையில் புண் இருப்பவர் இந்த வேலைக்கு வேண்டாம், கலக்கிக் கொடுப்பதற்கும் வேண்டாம்.

இடையில் தண்ணீர் குடிக்கும் முன் கையையும் வாயையும் சோப்பால் கழுவுங்கள். பீடியும் வெற்றிலையும் வேலை முடித்துக் குளித்த பிறகு.

முடித்ததும் பால் குடித்தால் விஷம் முறியுமா?

முறியாது. மோர், வெல்லம், கள் எதுவும் முறிக்காது. தோல் வழியாகப் போனதை வயிற்றில் ஊற்றும் எதுவும் தொடாது. மது குடித்தால் இன்னொரு தொல்லை, தள்ளாட்டம் விஷத்தாலா குடியாலா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போகும். சோப்புப் போட்டுக் குளிப்பதுதான் முறிப்பு.

தலை சுற்றுகிறது. வெயிலா, மருந்தா?

கண்ணின் பாவையைப் பாருங்கள். ஆர்கனோபாஸ்பரஸும் கார்பமேட் என்ற இன்னொரு பூச்சிமருந்துக் குடும்பமும் நரம்புச் செய்தியை அணைக்கும் நொதியைக் கட்டிப்போடுகின்றன. அதனால் சுரப்பதெல்லாம் நிற்காமல் சுரக்கும். பாவை கடுகு போலச் சுருங்கும், எச்சில் வழியும், கண்ணீர், சளி, வாந்தி, பேதி, நெஞ்சில் கரகரப்பு. கண்ணிமையிலும் கன்னத்திலும் தசை தானாகத் துடிக்கும். வெயிலால் வந்த மயக்கம் என்றால் வாய் வறண்டிருக்கும், பாவை சுருங்காது. தலைவலி, குமட்டல், வியர்வை இரண்டிலும் வரும், அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்த உடனேதான் வரும் என்றில்லை. தோல் வழியாகப் போனது மெதுவாக ஏறும். மாலையில் நன்றாக இருந்தவருக்கு இரவில் தொடங்கலாம்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

காற்று வரும் பக்கமாக வயலைவிட்டு வெளியே கொண்டுவாருங்கள். நனைந்த துணி முழுவதையும் கழற்றுங்கள், கூச்சம் பார்க்கிற நேரமல்ல. கழற்றுகிறவர் கையில் கையுறையோ பாலிதீன் பையோ இருக்கட்டும். சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவுங்கள். தலைமுடி, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, நகக்கண். கண்ணில் பட்டிருந்தால் இமையைப் பிரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம்.

வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், சாணிக் கரைசல், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். பல மருந்துகளில் கரைப்பானாக இருப்பது பெட்ரோல் வகையைச் சேர்ந்த எண்ணெய், வாந்தியோடு மூச்சுக்குழாயில் போனால் நுரையீரல் கெடும். நினைவு மங்கினால் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 108-ஐ அழையுங்கள். டப்பாவையோ லேபிளையோ பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். எய்ம்ஸ் நடத்தும் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கேட்கலாம், மருத்துவரும் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் அட்ரோபின் ஊசி. ஒரு ஆம்பூலில், அதாவது ஒரு சின்ன ஊசிமருந்துக் குப்பியில், 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். பெரியவருக்குத் தொடக்கத்திலேயே 3 முதல் 5 ஆம்பூல், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, நெஞ்சுக் கரகரப்பு நின்று நாடி 80-ஐத் தாண்டும்வரை கொடுப்பார்கள். சில நேரம் ஆம்பூல் கணக்கு நூறைத் தாண்டும். அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஊசிக்குப் பிறகு வாய் வறண்டு முகம் சிவந்தால் பயப்பட வேண்டாம், பிதற்றல் அதிகமானால் செவிலியரிடம் சொல்லுங்கள்.

மறுநாள் நன்றாகிவிட்டார் என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் பெரிய தவறு. ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் இரண்டாவது கட்டம் ஒன்று வரலாம். முதல் அடையாளம், படுத்தவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. அதற்கு அடுத்தது மூச்சுத் தசை. அந்த நேரத்தில் அவர் செயற்கை மூச்சுக் கருவி இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

விஷம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து காவல்துறைக்குத் தகவல் போகும். எல்லோருக்கும் நடக்கும் நடைமுறைதான், அதற்குப் பயந்து வெயில் மயக்கம் என்று பொய் சொன்னால் வைத்தியம் தப்பாகிவிடும். 'மருந்தடிக்கும் வேலையின்போது பாதிப்பு' என்று சீட்டில் எழுதச் சொல்லி, எந்த வயல், என்ன மருந்து, எத்தனை மணி என்பதையும் சொல்லுங்கள். பின்னால் இழப்பீடோ காப்பீடோ கேட்க அந்த ஒரு வரிதான் கையில் இருக்கும்.

முகமெல்லாம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. இதுவும் விஷமா?

சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் தோல் நரம்பைத் தூண்டுவதால் வருவது. ஓரிரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, ஒரு நாளைக்குள் தானாக அடங்கும். வெயிலும் வியர்வையும் வெந்நீரும் அதிகமாக்கும். சோப்பால் மென்மையாகக் கழுவிவிட்டு வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் குறையும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மருந்து முகம்வரை வந்திருக்கிறது என்ற செய்தி அது.

களைக்கொல்லி பூச்சிமருந்தைவிடப் பரவாயில்லைதானே?

பாராகுவாட் என்ற களைக்கொல்லி விஷயத்தில் இல்லை. மஞ்சள் முக்கோணத்தில் விற்றாலும் அதற்கு மாற்றுமருந்து கிடையாது. தோலில் புண் இருக்கும் இடத்தில் ஊறினாலும், தெறித்தது வாய்க்குள் போனாலும் வலி இல்லையே என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நகம் வெளுத்து உரிவதும் மூக்கில் இரத்தம் வருவதும் இந்த மருந்து அடிப்பவர்களிடம் தெரியும் முன் அடையாளங்கள்.

துணியை எப்படித் துவைப்பது? அடித்த வயலில் எப்போது களை எடுக்கலாம்?

மருந்துத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். கையுறையோடு முதலில் தண்ணீரில் அலசிக் கொட்டி, பிறகு சோப்பில் இரண்டு தடவை, வெயிலில் உலர்த்தல். குளத்திலும் வாய்க்காலிலும் வேண்டாம். மூலமருந்து கொட்டி ஊறிய துணியைத் துவைக்காதீர்கள், விட்டுவிடுங்கள். துவைக்காத சட்டையை மறுநாளும் போடுவது, நேற்றைய மருந்தை வியர்வையில் நனைத்து இன்னொரு முறை பூசிக்கொள்வது.

வயலில் இறங்குவதற்கு லேபிளில் சொன்ன இடைவெளி. எதுவும் இல்லையென்றால் குறைந்தது ஒரு நாள், ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் இரண்டு நாள். பறித்துச் சாப்பிடுவதற்கான காத்திருப்பு நாள் இதைவிட நீளம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. களை எடுக்க வரும் பெண்களிடம் நேற்று அடித்ததைச் சொல்லாமல் இறக்கிவிடுவது பல ஊரில் நடக்கிறது. வரப்பில் ஒரு குச்சியில் சிவப்புத்துணி கட்டுவது பெரிய வேலையில்லை.

காலி டப்பாவைக் கழுவி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது, எண்ணெய் இருந்தது பழைய பூச்சிமருந்துக் கலனில்.

டப்பா காலியானதும் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. கடைசிச் சொட்டு மருந்துக்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள். பிறகு அடியில் ஆணியால் குத்தித் துளையிட்டுவிடுங்கள், யாரும் எடுத்து எண்ணெயோ தண்ணீரோ வைக்க முடியாது. எரிக்க வேண்டாம், புகையும் விஷம்.

வீட்டில் எங்கே வைப்பது?

வீட்டுக்குள் வேண்டாம். முடியாவிட்டால் பூட்டுப்போட்ட பெட்டியில், சாவி ஒருவரிடம். குழந்தைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. கோபத்திலோ துக்கத்திலோ வரும் ஒரு வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் டப்பா இல்லாததே உயிரைக் காக்கிறது. இலங்கை மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய மருந்துகளை 1995-க்குள் நிறுத்தியபோது தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. இந்தியாவில் அந்த மருந்துக்குத் தடை வந்தது 2023-இல். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் மீதி மருந்தை அந்த வாரமே அகற்றுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

ஒருமுறை விஷமேறிக் குணமானவர் எப்போது மறுபடி அடிக்கலாம்?

இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆர்கனோபாஸ்பரஸ் கட்டிப்போடும் நொதி இதுதான். உடம்பு சரியாகிவிட்டதுபோல் இருந்தாலும் சிவப்பணுவில் இருக்கும் நொதி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் திரும்பும், முழுதாக வர மூன்று மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். அதற்குள் அடித்தால் முன்பு தாங்கிய அளவை உடம்பு தாங்காது. நாள்தோறும் அடிக்கும் கூலியாளுக்கும் இதே கதைதான், நாளுக்கு நாள் நொதி இறங்கிக்கொண்டே வந்து ஒரு நாள், வழக்கமான அதே பத்து டேங்கில் விழுந்துவிடுவார்.

தொழிலாக அடிப்பவர் பருவம் தொடங்கும் முன், ஒரு மாதமாவது மருந்து தொடாத நிலையில், ஒருமுறை இரத்தம் கொடுத்து அந்தச் சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் இயல்பான அளவு மாறும், ஆய்வகச் சீட்டில் 'இயல்பு' என்று வந்தாலும் அவருடைய சொந்த அளவிலிருந்து பாதியாகியிருக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சட்டமாகவே வைத்திருக்கும் கணக்கு இது: சொந்த அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்தால் வேலை முறையைச் சோதிப்பார்கள், சிவப்பணு அளவு 30 சதவீதம் குறைந்தால் வேலையிலிருந்து விலக்குவார்கள், பழைய அளவில் 80 சதவீதம் திரும்பும்வரை மருந்தைத் தொட விடமாட்டார்கள். அதுவரை தண்ணீர் பாய்ச்சுவதோ வரப்பு வெட்டுவதோ செய்யலாம். மருந்து கலக்கிக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.